கேட்காமல் தைத்த ஷூ

ஆகஸ்ட் 2009, வியாழன் இரவு

பஸ் ஸ்டாண்டுக்கு நானும் தினமும் தனியாகத்தான் நடக்கிறேன் என்று என் மாணவி அமலாவிடம் இன்று சொல்லவில்லை.

வேலூர்ப் பயிற்சியில் டிசைன் திங்கிங் என்று கற்றுக்கொண்டதை ஒன்பதாம் வகுப்பில் செய்யச் சொல்லியிருந்தேன். ஒருவருடைய கஷ்டத்தை முதலில் அவரிடமே கேட்க வேண்டும். பிறகுதான் அதற்கு ஏதாவது செய்ய வேண்டும். போலியோவில் ஒரு கால் சூம்பிய அமலாவுக்குச் செய்வதென்று முடிவாயிற்று. எங்கள் ஆம்பூரில் வீட்டுக்கு வீடு ஷூ கம்பெனி வேலை, ஷபானா வீட்டிலும்தான். அமலாவின் தோழியான அவள், எதையும் கேட்காமல் நேரே அமலாவின் காலை அளந்துவிட்டாள்.

இன்று அவள் வீட்டில் தைத்த ஷூ வந்தது. ஒரு காலுக்கு மட்டும் அடிப்பாகம் உயரம். தையலில் ஒரு குறை இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை நான் பிறகு அமலாவிடம் தனியாகக் கேட்டேன்.

"ஷூ நல்லா இருக்குது மிஸ். ஆனா இவ்ளோ நாளா ஷபானா என் பைய வாங்கிக்கினு கூடவே மெதுவா வருவா. இனிமே வரமாட்டா இல்ல?"



சாயங்காலம் பள்ளி வாசலில் ஷபானா அமலாவைப் பார்த்துச் சிரித்தாள். "இனிமே உனக்கு இன்னாடி கவலை, நீயே வந்துடுவ."

அவளும் மற்றப் பெண்களும் முன்னால் போய்விட்டார்கள். அமலா பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். அவளைத் தாண்டிப் போக மனமில்லாமல் நான் பின்னாலேயே நடந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பஸ் போய்விட்டிருந்தது.