முனி வளைவில் கேட்காத ஹாரன்

இன்று காலை தர்ஷினி தன் சைக்கிளை எங்கள் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தாள். அவள் பின்னாலேயே அந்த வாசனையும் வந்தது. நீண்ட இறக்கத்தில் பிடித்துப் பிடித்துச் சூடேறிய பிரேக் ரப்பரும் சக்கரத்தில் அப்பிய ஈர மண்ணும் கலந்த வாசனை. உன் கையுறைகளில் அது எப்போதும் இருக்கும். உன் தங்கை எந்த வழியாக வந்தாள் என்று நான் கேட்கவில்லை. மேலே ரிங்லெட் ஊரிலிருந்து நம் தோட்டத்துக்கு இறங்க ஒரே சாலைதான், அதில் அப்படிப் பிரேக் பிடிக்க வேண்டிய இடமும் ஒன்றுதான்.

நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. தர்ஷினி உன்னைவிட உயரமாகிவிட்டாள். தண்ணீரைக் குடித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து, காலணியைக் கழற்றாமலேயே பேசத் தொடங்கினாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழம நாந்தான் க்கா முன்னுக்குப் போறேன். சேகரண்ணன் சொல்லிட்டாரு."

சேகரண்ணன் இன்னமும் பள்ளிக்கூட வேன்தான் ஓட்டுகிறார், இன்னமும் நம் சைக்கிள் கிளப்புக்குத் தலைவர். இந்தப் பருவத்துக்கு அவர் பெரிய திட்டம் வைத்திருக்கிறார். வழக்கம்போலத் தைப்பூசம் முடிந்து விரதம் இருந்தவர்கள் எல்லாம் உடம்பு தேறியதும் முதல் ஓட்டம். அடுத்து பிரிஞ்சாங் வழியாகக் கியா பார்ம் வரை ஏற்றம். பள்ளி விடுமுறையில் திரிங்காப் தாண்டி ஈப்போவரை ஒரு நெடும்பயணம். முதல் ஓட்டத்துக்கு உன் பெயரை வைத்திருக்கிறார்கள். உன் படம் போட்ட சட்டையும் அடித்தாகிவிட்டது. நீ சிரிக்கும் படம். அந்த ஓட்டம் ரிங்லெட்டில் தொடங்கி, முனி வளைவைக் கடந்து, தோட்டத்துக் கோயிலில் முடியும்.

இதை நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து யோசித்து எழுதினார்கள். ஒருவர்கூட வேறு வழி பார்ப்போம் என்று சொல்லவில்லை.

நாம் கிளப்பில் சேர்ந்தபோது பெண்கள் நாம் இருவர்தான். நீ சுற்றுலாப் பயணிகளுக்குத் தேநீர் விற்கும் கடையில் வேலை, நான் திரிங்காப்பில் பூப்பண்ணை அலுவலகத்தில். சைக்கிள் பையில் கதைப் புத்தகம் வைத்திருக்கிறேன் என்று கண்டுபிடித்து எனக்குப் 'புக்கு' என்று பெயர் வைத்தவள் நீ. ஏற்றத்தில் நான் முன்னால் போவேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலிருந்து, "ஏய் புக்கு, மேல போய் ரெண்டு பக்கம் படிச்சுட்டு இரு, நான் வந்துர்றேன்" என்று கத்துவாய். இறக்கத்தில் எல்லாம் மாறிவிடும். அங்கே நீ காற்று.

முனி வளைவைப் பற்றி எனக்குச் சொன்னதும் நீதான். சாலையோரப் பாறையடியில் முனீஸ்வரர் இருந்தார். தகரக் கூரை, சூலம், சிவப்புத் துணி. அந்த வழியே போகும் எந்த லோரியும் அவருக்கு ஹாரன் அடிக்காமல் போகாது. நம் ஆட்கள் மட்டுமல்ல, காய்கறி ஏற்றும் சீனர்களும் மலாய்க்கார ஓட்டுநர்களும் அடிப்பார்கள். அடிக்காமல் போனால் மலை இறங்கும்முன் வண்டி படுத்துக்கொள்ளும் என்று எல்லோரும் நம்பினார்கள். நமக்கு அது வேறொரு விதத்தில் உதவியது. பனிமூட்டத்தில் வளைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஆனால் கீழேயிருந்து ஒரு லோரி ஏறி வந்தால் ஹாரன் கேட்கும். கேட்டால் இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்வோம். கேட்காவிட்டால் வளைவை வெட்டிக்கொண்டு, சாலையின் அந்தப் பக்கம்வரை போய்த் திரும்பலாம்.

"ஹாரன் கேக்கலன்னா ரோடு நம்மளது" என்பாய்.

புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தாய். உன் தங்கைக்கும்தான்.

பிறகு அந்தப் பெருமழை. பாறைக்கு மேலிருந்த மண் சரிந்து சன்னதியின் பாதியை மூடியது. சாலை இலாகா அங்கே சிமெண்டுச் சுவர் கட்டப் போவதாகச் சொன்னது. முனீஸ்வரரை அப்படி விட்டுவைக்க முடியாது என்று தோட்டத்துக் கோயிலுக்கே அழைத்து வந்தோம். உறுமி மேளம், தீச்சட்டி எல்லாம் இருந்தது. நீ சூலத்தைத் தூக்கி வந்தாய். நான் எலுமிச்சம்பழக் கூடையோடு உன் பக்கத்தில் நடந்தேன். மாரியம்மன் சன்னதிக்கு வலப்புறம் அவருக்கு நல்ல இடம் அமைந்தது. இனி நனையமாட்டார் என்று பெரியவர்கள் மனம் நிறைந்து பேசிக்கொண்டார்கள்.

வளைவில் சாம்பல் நிறச் சுவர் மட்டும் எழுந்தது. அங்கே சத்தம் நின்றுபோனதை நம்மில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஹாரன் கேட்காத ஒவ்வொரு முறையும் சாலை காலியாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டோம். சில வாரங்கள் அது உண்மையாகவும் இருந்தது.

அந்தக் காலையைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நீ முன்னால் போனாய், நான் பின்னால் வந்தேன், பனி இருந்தது. நான் கேட்டது லோரியின் பிரேக்கை மட்டும். ஹாரன் கேட்கவில்லை என்று போலீசாரிடம் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். லோரி தன் பக்கத்தில்தான் வந்தது என்பதையும் எழுதிக்கொண்டார்கள். உன் சைக்கிள் அங்கிருந்து திரும்பி வரவில்லை. பனி, விதி, நேரம் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அந்த லோரியின் ஓட்டுநர் ராமையா அண்ணனை மட்டும் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

போன மாதம் அவரைக் கியா பார்மில் பார்த்தேன். இப்போது லோரி ஓட்டுவதில்லை, மைத்துனரின் கடையில் சோளம் அவித்து விற்கிறார். என்னை அடையாளம் கண்டதும் இடுக்கியைக் கீழே வைத்தார். கடைக்குப் பின்னால், காலிப் பெட்டிகள் அடுக்கிய இடத்தில் நின்றபடி, நான் ஒன்றும் கேட்காமலே சொன்னார்.

"நீங்க போலீசுல சொன்னது சரிதாம்மா. நான் ஹாரன் அடிக்கல. வருசக்கணக்கா அந்த எடத்துல அடிச்சிருக்கேன். ஆனா ஒரு நாளும் ரோட்டுல ஆள் வருதுன்னு அடிச்சதில்ல. ஐயாவுக்கு அடிச்சேன். ஐயாவத்தான் கோயிலுக்குக் கொண்டு போயிட்டீங்களே. வெறும் செவுத்துக்கு எதுக்கும்மா அடிக்கணும்?"

பேருந்தில் மலை இறங்கி வரும்போது அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு வந்தேன். அவரும் தன் நம்பிக்கைப்படி சரியாகத்தான் நடந்திருந்தார். நீயும்தான். வேறொருவருக்குச் செய்யப்பட்ட மரியாதையை நாம் நமக்கான எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருந்தோம். எத்தனையோ புத்தகங்களைப் படித்திருக்கிறேன், அன்று என்னைப்போல் அச்சப்பட்ட எவரையும் அவற்றில் கண்ட ஞாபகமில்லை. நடந்து முடிந்ததற்காக நான் அஞ்சவில்லை. அது இன்னும் முடியவில்லை என்று தோன்றியது.

அதனால்தான் கிளப் கூட்டத்தில் எழுந்து நின்றேன். கோயில் மண்டபத்தில் சேகரண்ணன் திட்டத்தை வாசித்துவிட்டு, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்டார். நான் கையை உயர்த்தியதும் பின்னாலிருந்து, "புக்கு வாய் தொறக்குது, இன்னிக்கு மழ நிச்சயம் லா" என்று ஒரு குரல். சிரித்தார்கள். நான் ராமையா அண்ணன் சொன்னதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. முதல் ஓட்டத்தை அந்த இறக்கத்தில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

சேகரண்ணன் திட்டத் தாளை மறுபடி பார்த்தார். இறக்கத்தை எடுத்துவிடலாமா என்று பொதுவாகக் கேட்டார். அப்போது தர்ஷினி எழுந்தாள்.

"எடுத்துட்டா அக்கா பேர எதுக்குண்ணே வைப்பீங்க? ஏத்தத்துக்கா? அக்காவுக்கு ஏத்தமே புடிக்காதே லா."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், அது அவ்வளவு உண்மை. அந்தச் சிரிப்பில் என் பேச்சு கரைந்துபோனது. பிறகு ஒருவர், அப்படியானால் ஐயாவையே வளைவுக்குத் திரும்ப அழைத்துப்போனால் என்ன என்றார். அமர்த்திய சாமியைத் தூக்கக்கூடாது என்று கோயில் தலைவர் மறுத்துவிட்டார். வேண்டுமானால் ஒரு கல்லை வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டுநர்கள் பார்த்து அடிப்பார்கள் என்றார். எல்லோர் முகத்திலும் நிம்மதி. மறுவாரமே சுவரையொட்டி ஒரு கல் வந்துவிட்டது. சந்தனம், குங்குமம், சிவப்புத் துணி, சிறிய சூலம். கிளப்பார் அதற்குத் தேங்காய் உடைத்து, சைக்கிள்களை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நசுக்கினார்கள்.

ஹாரன் சத்தம் திரும்ப வந்தது, தோழி. அதுதான் எனக்குப் பயம். முன்பு எல்லோரும் அடித்தார்கள், பிறகு யாரும் அடிக்கவில்லை. இப்போது சிலர் அடிக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வந்த வெளியூர் ஓட்டுநர்களுக்கு அந்தத் துணி ஒன்றும் சொல்வதில்லை. பழைய ஓட்டுநர்கள் சிலருக்கோ ஐயா இருப்பது கோயிலில் என்று தெரியும், இந்தக் கல் நாம் வைத்தது என்றும் தெரியும்.

இதையெல்லாம் வாசற்படியில் தர்ஷினியிடம் மறுபடி சொன்னேன். காதைத் திறந்து வைத்திருந்தால் போதும் என்று அக்காவே சொல்லியிருக்கிறாள் என்றாள். உன்னோடு நான் எப்படி வாதாடுவது? வா, நின்று கேட்போம் என்று கூப்பிட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருவரும் வளைவுவரை ஏறினோம்.

வளைவுக்குச் சற்று மேலே, சுவரோரமாக நின்றோம். தேயிலைச் சரிவுகள் பனியில் மறைந்திருந்தன. தண்ணீர் எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஹாரன் கேட்டது, கோழி எரு ஏற்றிய லோரி ஒன்று மெதுவாக ஏறிப் போனது. தர்ஷினி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அடுத்ததும் நீளமாக அடித்தது. அவள் சிரித்துக்கொண்டே, "பாத்தீங்களா க்கா? ஐயா வேல செய்யிறாரு" என்றாள்.

மூன்றாவது வண்டிக்குச் சத்தமே இல்லை. பனி மஞ்சளாக மாறியது, அவ்வளவுதான். அடுத்த நொடி அது எங்களைக் கடந்துகொண்டிருந்தது. காற்றில் சிவப்புத் துணி படபடத்தது. தர்ஷினி என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். வண்டி மேலே மறைந்ததும் விட்டுவிட்டாள்.

பிறகு அவள் சொன்னாள்.

"அது ஒண்ணு மட்டுந்தானே க்கா."

"ஒங்க அக்காவுக்கும் ஒண்ணுதான் வந்துச்சு" என்றேன்.

அவள் தலைக்கவசத்தின் வாரை இறுக்கினாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏறி உட்கார்ந்து, கொஞ்சம் காது கொடுத்துவிட்டு, இறங்கிவிட்டாள். பனி அவளை வளைவுக்கு முன்பே வாங்கிக்கொண்டது. சுழலும் சக்கரத்தின் டிக் டிக் ஒலி மட்டும் கேட்டது. அவள் ஓரமாகப் போனாளா, வெட்டிக்கொண்டு போனாளா என்று அந்த ஒலி சொல்லவில்லை. அது தேய்ந்து நின்ற பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்துத் தோட்டத்து வாசலிலிருந்து அவள் மணியடித்தாள், வந்து சேர்ந்துவிட்டேன் என்பதற்கு. அப்போதுதான் நான் இறங்கி நடக்கத் தொடங்கினேன்.

அடுத்த ஞாயிறு அவளுக்குப் பின்னால் கிளப் முழுவதும் இறங்கும், உன் முகத்தை நெஞ்சில் அணிந்துகொண்டு. நான் ஓட்டப் போவதில்லை. வளைவுக்குக் கீழே, ஏறி வரும் வண்டிகள் தெரியும் இடத்தில் போய் நிற்பேன். ஒவ்வொன்றையும் கையசைத்து நிறுத்தப் பார்ப்பேன். பனியில் ஒரு பெண் கையசைப்பதைப் பார்த்து எத்தனை பேர் நிறுத்துவார்கள் என்று தெரியாது.

நீ எனக்குக் கேட்கக் கற்றுக் கொடுத்தாய். அந்தப் பழக்கம் என்னிடம் இன்னும் இருக்கிறது, ஆனால் நீ கொடுத்தபடி இல்லை. லோரிகள் ஹாரன் அடிக்கும்போது நான் அமைதியாக ஓட்டுகிறேன். சாலையில் ஒரு சத்தமும் இல்லாதபோது, என் விரல்கள் என்னைக் கேட்காமலே பிரேக்கைப் பிடித்துக்கொள்கின்றன.