துப்பாக்கிக்கு உரிய பங்கு

குறி தப்பாத என் அன்பு மச்சான் வீராசாமிக்கு,

நீ போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. மலாக்காவில், நம் காஜா பேராங் தெரு வீட்டில் உன் படத்துக்கு முன்னால் படையல் போட்டிருக்கிறோம். அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கை அவித்து மசித்து, சோறு மாதிரிக் குவித்து வைத்திருக்கிறாள் என் தங்கை பாக்கியம். பக்கத்தில் காட்டுப்பன்றிக் கறி இருக்கிறது. ஜப்பான்காரன் ஆட்சியில் கறி எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வந்திருப்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசிக்கப் போகிறேன். இவர்களில் யாரும் வெளியே போய்ச் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் அந்தப் பன்றியைத் தின்றவர்கள்.

துப்பாக்கிகளை எல்லாம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்த நாளை மறந்திருக்க மாட்டாய். உன் ஒற்றைக் குழல் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, பெண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்புகிறவன் மாதிரிக் கொண்டுபோனாய். வாங்கி வைத்த சிப்பாயிடம், "ஈரத்துல வைக்காதீங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தாய். சில மாதங்களில் குளிர்காய்ச்சல் வந்தது. ஊரில் கொய்னா மாத்திரை இல்லை. அதற்கு மேல் எழுத வேண்டாம். அந்தக் கதை என்னைவிட உனக்குத் தெரியும்.

மனிதர்கள் துப்பாக்கியை ஒப்படைத்த செய்தி முதலில் எட்டியது பன்றிகளுக்குத்தான். புக்கிட் பாருவில் பாக்கியம் போட்டிருக்கும் கிழங்குத் தோட்டத்தில் கால்வாசியைத் தோண்டித் தின்றுவிட்டன. மீதிதான் உன் நாலு பிள்ளைகளுக்கும் வரப்போகிற மாதங்களின் சாப்பாடு. கிழங்கு முற்ற இன்னும் நாள் இருக்கிறது. வேலி கட்டினோம். வேலியின் மரவள்ளிக் குச்சிகளையும் சேர்த்துத் தின்றன. தகரம் தட்டினோம். தாளத்துக்குத் தின்றன.

இதற்கிடையில் நமக்கும் ஒரு பாராளுமன்றம் கிடைத்திருக்கிறது, மச்சான். பெயர் ஆலோசனைச் சபை. வெள்ளைக்காரன் காலத்தில் துப்பாக்கிச் சட்டம் கப்பலில் வந்து இறங்கும். இப்போது அதை நாமே விவாதிக்கலாம். கேட்டால் மட்டும் பேச வேண்டும். பேசியதை ஜப்பான் அதிகாரி ஏற்க வேண்டியதில்லை. இந்த இரண்டையும் தவிர வேறு குறை இல்லை. நான் அங்கே குறிப்பு எழுதும் குமாஸ்தா. டயருக்குப் பதில் ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிளில், எலும்பெல்லாம் குலுங்க, மக்களாட்சிக்குப் போய் வருகிறேன்.

"அண்ணே, உங்க சபையில பன்னிக்கும் ஒரு நாற்காலி போடுங்க. கிழங்கைப் பத்தி அதுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றாள் பாக்கியம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று அவள் சாப்பிடவில்லை.

அந்த மாதம் அதிகாரி கேட்ட கேள்வி: உணவு விளைச்சலைப் பெருக்குவது எப்படி? மலாய்க் கிராமத் தலைவர், நம் பெங்ஹுலு, எழுந்தார். "பன்றியை நான் தின்பதில்லை துவான். ஆனால் அது என் கிழங்கைத் தின்கிறது. வேட்டைக்காரர்களுக்குத் துப்பாக்கி கொடுங்கள்" என்றார்.

அதிகாரி ஒழுங்கான மனிதர். வேட்டைக்காரன் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். துப்பாக்கி லைசென்ஸ் என்றார்கள். லைசென்ஸ் எங்கே? துப்பாக்கியோடு சேர்த்து அரசாங்கமே வாங்கிக்கொண்டது. அப்படியானால் மலாக்காவில் வேட்டைக்காரனே இல்லை; இல்லாதவனுக்குத் துப்பாக்கி எதற்கு என்றார். சபை இதை ஒரு மணி நேரம் ஆலோசித்தது. இதற்குப் பதில் சொல்ல உனக்கு முடியுமா?

கடைசியில் அவரே, "கொடுத்தால் அரசாங்கத்துக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டார்.

நம் எதிர்வீட்டுக் கந்தப்ப சிட்டியும் ஒரு உறுப்பினர்; பெயர் தமிழாகவே இருக்க, பேச்சு மலாயாகிப்போன பழைய மலாக்காச் சிட்டி வம்சம். நீ வேட்டைக்குப் போகும்போதெல்லாம் நாயைப் பிடித்துக்கொண்டு வந்தவர். அவர் தம் சிட்டி மலாயில் விளக்கினார்: "எங்கள் வேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. சுட்டவனுக்கு ஒரு பங்கு, நாய்க்காரனுக்கு ஒன்று, தோட்டக்காரனுக்கு ஒரு பின்தொடை. துப்பாக்கிக்கும் ஒரு பங்கு. துப்பாக்கிக்கு வாய் இல்லாததால் அதன் சொந்தக்காரன் எடுத்துக்கொள்வான்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. துப்பாக்கி இப்போது அரசாங்கத்துடையது அல்லவா? "இது எவ்வளவு காலத்து வழக்கம்?" என்று என்னைக் கேட்டார். "ஆதிகாலத்தது துவான்" என்றேன். நீ துப்பாக்கி வாங்கிய வருஷத்திலிருந்து என்று சொல்ல வாய் வரவில்லை. வழக்கம் அப்படியே குறிப்பேறியது, முத்திரையும் விழுந்தது. பங்குகளைத் தப்பில்லாமல் ஒப்பிப்பவனே வேட்டைக்காரன் என்று முடிவாயிற்று.

ஒப்பித்தவன் யார் தெரியுமா? நம் சூசை. நீ 'மரங்களின் சத்துரு' என்று பெயர் வைத்தாயே, அவனேதான். சுடுவதில் எப்படியோ, பங்குக்கு ஒரு நாளும் தவறியவன் இல்லை. அதனால் மளமளவென்று ஒப்பித்துவிட்டான். அவனுக்கு ஒரு துப்பாக்கியும் மாதத்துக்கு ஐந்து தோட்டாவும் கிடைத்தன.

மறுநாள் காலையிலேயே புக்கிட் பாருவுக்குப் போனோம். முதல் தோட்டா ரப்பர் மரத்தில். இரண்டாவதும் அதே மரத்தில். அந்த அளவுக்கு அவன் குறி முன்னேறியிருக்கிறது.

"காத்து அடிக்குதுண்ணே" என்றான்.

"இலை அசையலையே சூசை" என்றாள் பாக்கியம்.

"மேல் காத்து, அக்கா."

"அப்ப பன்னியை மேல ஏறச் சொல்லவா?"

மூன்றாவது தோட்டா பாக்கியத்தின் கிழங்குச் செடிக்கு. நான்காவது எங்கே போயிற்று என்று இன்னும் தெரியவில்லை. ஐந்தாவதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று நாங்கள் திரும்பிய நேரத்தில், கந்தப்ப சிட்டியின் நாய் விரட்டிய ஒரு பெரிய பன்றி நேரே சூசையை நோக்கி ஓடிவந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு சுட்டான். கண்ணைத் திறந்தபோது பன்றி படுத்திருந்தது. நம்பாமல் அதனிடம் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டான்.

பங்கு போட்டோம். துப்பாக்கியின் பங்கு எது என்பதை அதிகாரி அன்று கேட்கவே இல்லை. உனக்குத் தலைக்கறி பிடிக்கும் என்பதால் அது எப்போதும் தலைதானே? வழக்கத்தை மாற்ற நாங்கள் யார்? வாழையிலையில் சுற்றி நானே கொண்டுபோய் அதிகாரியின் மேசையில் வைத்தேன். இலையைப் பிரித்தார். அவர் தலையைப் பார்த்தார். தலை அவரைப் பார்த்தது.

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். "அடாட்?" என்றார். வழக்கமா என்று கேட்கிறார். "அடாட், துவான்" என்றேன். குறிப்பேட்டை வரவழைத்து, தம்முடைய முத்திரையைத் தாமே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரை விழுந்ததைச் சபை கூடாமல் மாற்றக் கூடாதாம். துப்பாக்கியின் பங்கைத் தலையிலிருந்து தொடைக்கு மாற்றுவது பற்றி அடுத்த கூட்டம் ஆலோசிக்கும், முடிவாகும் வரை பழைய ஏற்பாடே நீடிக்கும் என்றார். ஆலோசனை முடிந்து முடிவு வந்ததும் துப்பாக்கி கிடங்குக்குத் திரும்பிவிடும். பிறகு புது விதிப்படி புது மனு, புது அத்தாட்சி, எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் பன்றிகள் கிழங்கை முடித்துவிடும்.

புரிகிறதா மச்சான்? விவாதம் நடக்கும்வரை துப்பாக்கி சூசையின் கையில் இருக்கும். பாக்கியத்தின் தோட்டமும் இருக்கும்.

ஒரு கூட்டம் முடிந்துவிட்டது; உன் படையலில் இருப்பது அதற்குப் பிறகு விழுந்த பன்றி. ஆண் பன்றிக்கும் பெண் பன்றிக்கும் ஒரே வழக்கமா என்று கந்தப்ப சிட்டி எழுந்து கேட்டார். கேள்வியை எழுதிக் கொடுத்தது யார் என்று நீ கேட்க மாட்டாய். பெங்ஹுலு, தமக்கு இதில் அனுபவம் போதாது, எல்லாக் கிராமங்களையும் விசாரித்து வர அவகாசம் வேண்டும் என்றார். அதிகாரி அனுமதித்தார். அடுத்த மாதத்துக்குக் குட்டிப் பன்றி இருக்கிறது. அதற்கு அடுத்து, இரண்டு பேர் சேர்ந்து சுட்ட பன்றி. கந்தப்ப சிட்டி இப்போது இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். தமிழ் தெரியாது; நாங்கள் சிரிக்கும் இடத்தில் எல்லாம் எங்களைவிடச் சத்தமாகச் சிரிக்கிறார்.

எத்தனையோ நூல்களில் மாமன்றங்களின் பெருமையை வாசித்திருக்கிறேன். ஒரு சபை எந்த முடிவுக்கும் வந்துவிடக் கூடாதே என்று விளக்கேற்றிக் கும்பிட்டது இந்த வருஷம்தான். நீ இருக்கும் இடத்தில் யாராவது கேட்டால், நம் ஊரில் மக்களாட்சி நன்றாக நடக்கிறது என்று சொல்.

கடைசிக் கிழங்கு வெட்டிப் பிள்ளைகள் வயிற்றுக்குப் போகும்வரை, அந்தச் சபையை நான் ஒரு முடிவுக்கும் வர விடமாட்டேன். இது உன் படத்தின் மீது ஆணை.

உன் பாக்கியத்துக்கு அண்ணன்,
உன் பிள்ளைகளுக்குத் தாய்மாமன்,
உனக்கு என்றும் மச்சான்.