வெள்ளியங்கிரியைக் கூட்டிக்கொண்டு போனதிலிருந்து

பார்சிப்பனி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு எழில் கண்ணுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வெண்பாவும் லிவர்மோரில் சுகமாக இருக்க மருதமலையானை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மனசுதான் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் இதென்ன புதிதாகத் தபாலில் என்று சிரிக்காதே. போனை நம்புகிற காலம் போய்விட்டது. மேசையில் போன் இருந்தால் நான் சமையலறைக்குள் போய்த்தான் அம்மாவிடம் பேசுகிறேன், அவள் தலையில் அடித்துக்கொள்கிறாள். நீயும் அந்த மலை தாண்டி ஆபீசுக்கு டிரைவ் பண்ணும்போது ஸ்பீக்கரில் ஊர்க்கதை பேசுவதைக் குறைத்துக்கொள்.

வெள்ளியங்கிரி விஷயம் உனக்கு அரைகுறையாகத்தான் வந்திருக்கும். கோயில் மடப்பள்ளியில் சமைக்க விசா வாங்கி வந்த மனிதர், நம் சத்தியமங்கலம் பக்கம். கோயில் வேலையும் விசாவும் முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல் ரூட் 46 ரோட்டுப் பக்கம் ஒரு கேட்டரிங் கிச்சனில் சேர்ந்துகொண்டார், சேர்த்துவிட்டதும் நான்தான். போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் கல்யாண ஆர்டருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, முகத்தை மூடிய இமிகிரேஷன் ஆபீசர்கள் முன்வாசல் பின்வாசல் இரண்டிலும் நுழைந்திருக்கிறார்கள். கிரீன் கார்டு காட்டியவர்களை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, பாத்திரம் கழுவுகிற குவாத்தமாலாப் பெண்களையும் வெள்ளியங்கிரியையும் வேனில் ஏற்றிவிட்டார்கள். சாம்பார் அடிப்பிடித்துவிடும், அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று கையைக் காட்டிக் கேட்டாராம். விடவில்லையாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாம்பார் இறங்க மாட்டேன் என்கிறது.

அன்றிலிருந்து இந்த ஊரே வேறு ஊராகிவிட்டது. கோயில் அன்னதானத்துக்கு வரிசை வாசல் வரை நிற்குமே, இப்போது பாதி மேசை காலி. இந்தியன் ஸ்டோரில் பில் போடுகிற பெண்ணைக் காணோம், கேட்டால் லீவு என்கிறார்கள், யாரும் நம்புவதில்லை. கறுப்புக் கண்ணாடி வேன் ஒன்று நின்றால் நாலு பேர் போட்டோ எடுத்துக் குரூப்பில் போடுகிறார்கள், கடைசியில் அது பிளம்பர் வேன். நான் சிட்டிசன், இருந்தாலும் வாக்கிங் போகும்போது பாஸ்போர்ட் காப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறேன். யாரோ போட்டுக்கொடுக்காமல் அந்தக் கிச்சனுக்கு வழி தெரிந்திருக்காது, இது மட்டும் எனக்கு நிச்சயம். முதலில் எனக்குச் சந்தேகம் நம் பக்கத்து வீட்டு சுஹாஸ் மேல்தான். போகிற இடமெல்லாம் வீடியோ எடுக்கிற பையன், தீபாவளிக்கு வெள்ளியங்கிரி மைசூர்பாகு கிண்டுவதையும் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டினான். அவன் இல்லையென்றால் ஆர்டர் போய்விட்ட வயிற்றெரிச்சலில் வேறொரு கேட்டரிங்காரன். இரண்டு பேரைப் பற்றியும் கோயிலில் நாலு பேரிடம் சொல்லி எச்சரித்தேன். சுஹாஸ் இப்போது என்னைப் பார்த்தால் கராஜ் கதவை இறக்கிவிடுகிறான், குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நான் போய் உட்கார்ந்தால் மேசையில் பேச்சு நின்றுவிடுகிறது. போன வாரம் புதிதாக ஒரு பையன் ஈரோட்டிலிருந்து வந்திருந்தான், சாப்பாடு பரிமாறிக்கொண்டே வழக்கம்போல ஈரோட்டில் எந்தப் பக்கம் தம்பி, எங்கே வேலை, என்ன விசா என்று கேட்டேன். தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கார் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டான், நான் கையில் கரண்டியோடு நிற்கிறேன். நீயே சொல், இந்த நாட்டில் இதைக் கேட்காத தமிழன் உண்டா? நான் வந்த புதிதில் என்னிடம் இதைக் கேட்டவர்தான் எனக்கு ரூம் பார்த்துக் கொடுத்தார், வக்கீல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அக்கறை உள்ளவன்தான் விசா கேட்பான் என்று நினைத்து வாழ்ந்தவன் நான். வெள்ளியங்கிரியையும் அப்படிக் கேட்டுத்தானே தெரிந்துகொண்டேன்.

அவர் மனைவி ராமாத்தாளை உனக்குத் தெரியும், நீ சம்மர் லீவுக்கு வந்தபோது அவள் மகள் கயலும் வெண்பாவும் ஒட்டிக்கொண்டு திரிந்தார்களே. அவர் போன பிறகு அம்மாவும் நானும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனோம். ஜன்னல் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. இரண்டு தடவை இப்படி. மூன்றாவது தடவை அம்மா வேறு யாருடைய காரிலோ தனியாகப் போயிருக்கிறாள், ராமாத்தாள் உடனே கதவைத் திறந்திருக்கிறாள். இதை அம்மா என்னிடம் மறைத்துவிட்டாள். ஒருநாள் சுஹாஸைப் பற்றி நான் சத்தம் போட்டபோதுதான் கோபத்தில் வெளியே வந்தது. சிறையிலிருந்து போன் பண்ணின வெள்ளியங்கிரி மனைவியிடம் சொன்னாராம், “யார்கிட்ட வேணும்னாலும் பேசு, அண்ணங்கிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லீராத.” அந்த அண்ணன் நான். அடுத்த நாளே நீயும் போனில், “அப்பா, நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?” என்று கேட்டாய். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் போட்டுக்கொடுக்கவில்லை கண்ணு. ஆனால் சொன்னேன். அவர் கைமணத்தைச் சொல்லாமல் எனக்கு இருக்க முடிந்ததா? கோயில் விசாவில் வந்தார், அது முடிந்துபோச்சு, இப்போது இன்ன கிச்சனில் இருக்கிறார், போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள் என்று பொங்கல் விழாவில், முடிவெட்டுகிற கடையில், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அதில் எந்தக் காது எப்படிப்பட்டதென்று எனக்கு எப்படித் தெரியும்? தூக்கம் வராமல் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்க்கிறேன், எல்லா முகமும் சந்தேகமாகத்தான் இருக்கிறது, என்னுடையதும்.

ராமாத்தாள் வீடு இப்போது காலி. எங்கே என்று அம்மாவைக் கேட்டேன், தெரியாது என்று முகம் பார்க்காமல் சொன்னாள். உனக்கு அனுப்புகிற பார்சலில் பருப்புப்பொடியும் ஊறுகாயும் வழக்கத்தைவிட இரண்டு பங்கு கட்டினாள். நீ வீடியோவில் வந்தால் சுவரைத்தான் காட்டுகிறாய். போன வாரம் வெண்பாவிடம் நன்றாகப் படி என்றேன், இத்தனை வருஷமாக இங்கிலீஷில் மட்டும் பதில் சொன்ன குழந்தை, “சரிங் தாத்தா” என்றாள். உன் வீட்டில் நம் சத்தியமங்கலம் பக்கத்து ‘ங்’ போட்டுப் பேச யார் இருக்கிறார்கள்? மாப்பிள்ளை தஞ்சாவூர், நீ அப்படிப் பேசி நான் கேட்டு வருஷக்கணக்காகிறது. நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அத்தனை தூரம் எப்படி வந்தார்கள், யார் கூட்டிவந்தது என்று கேட்க நாக்கு துடிக்கிறது. கேட்கவில்லை, நீயும் சொல்லாதே. நான் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தாலும் சொல்லாதே. வெண்பாவை மட்டும் வெளி ஆட்கள் முன்னால் அப்படிப் பேச வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவை, கயலை வாசலில் தனியாக விளையாட விடாதே.

சித்திரையில் அங்கே வர இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டிருந்தோம் அல்லவா, என்னுடையதைக் கேன்சல் பண்ணிவிட்டேன். அம்மா மட்டும் வருவாள். வெண்பாவைத் தூக்கி ஒரு வருஷமாகிறது, கை ஏங்கத்தான் செய்கிறது. ஆனால் நான் வந்து வாசல் மணியை அடித்தால் அந்தப் பெண் கயலைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்?

கொத்தமல்லி விதை அனுப்பியிருக்கிறேன், தொட்டியில் தூவு. படித்ததும் இதைக் கிழித்துவிடு. உன் வீட்டில் இருக்கிற எல்லோரையும் ஆண்டவன் ஒரு குறையுமில்லாமல் காப்பாற்றட்டும்.

உன் அப்பா,
சுப்பையன்