பெரிய வியாழனுக்கு மறுநாள்

1956 பிப்ரவரி 14, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது என் வீட்டுக்காரர் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். குஷ்டரோக ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி ஒரு வாரம் ஆகிறது. நோய் போய்விட்டது, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பாதங்களில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை.

ஊருக்கு டாக்டர் சொல் போதவில்லை. அவருடைய சொந்தத் தங்கை கத்தரீனாள்கூட வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணன் நல்லா இருக்குதா, அண்ணி?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போகிறாள். அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடமே கேட்டால் என்ன?

பிப்ரவரி 15, விபூதிப் புதன்

சாமியார் எல்லார் நெற்றியிலும் விரலால் சாம்பல் பூசினார். இவர் முறை வந்ததும் மேலிருந்து தூவினார். அதே லத்தீன் வார்த்தைதான். விரல் மட்டும் படவில்லை.

வழியில் பொருமினேன். "சாம்பல் உளுந்துச்சில்ல புள்ள, உடு" என்றார்.

என்னால் விட முடியவில்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு

கோயிலில் ஆண்கள் பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவரைச் சுற்றி மட்டும் பாய் விரிக்கிற அளவுக்குக் காலி இடம்.

மார்ச் 9, வெள்ளி

கோயிலில் சிலுவைப் பாதை வழிபாடு. பாட வாய் வரவில்லை.

மார்ச் 18, ஞாயிறு

இந்த வருஷம் முதல் பெரிய வியாழன் பூசை சாயங்காலமாம். கர்த்தர் தம் சீஷர்களுக்குச் செய்ததுபோல, பூசை நடுவில் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைச் சாமியார் கழுவுவாராம். அறிவிப்பைக் கேட்டதும் நேரே சாமியாரிடம் போனேன்.

"சாமி, அந்தப் பன்னண்டு பேர்ல எங்க ஊட்டுக்காரரையும் சேர்த்துக்குங்க."

"எனக்குச் சம்மதந்தான், டீச்சர். மத்தவங்க எந்திரிச்சுப் போயிட்டா என்ன செய்யறது? அடுத்த வருஷம் பாக்கலாம்."

சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கர்த்தர் சீஷர்களிடம் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றா சொன்னார்? பாதி வழியில்தான் இது தோன்றியது. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை.

மார்ச் 20, செவ்வாய்

எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. "எனக்காக யாருகிட்டயும் போயி நிக்காத புள்ள. கடவுள் கைவிடமாட்டாருன்னு அங்க படுத்துட்டு நம்புனேன். ஊட்டுக்கு வந்தப்புறம் நம்பாம இருப்பனா?"

இந்தப் பொறுமைதான் என்னை எரிக்கிறது. ஒரு நாளாவது கத்தினால் என்ன, மனுஷன்!

சரி — நான் மட்டும் என்ன? அவர் வந்ததிலிருந்து நானும் அவரைத் தொடவில்லை. சோற்றை வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறேன். பயமா இருக்குது. கடவுளே, எனக்கே பயமா இருக்குது. அவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

மார்ச் 29, பெரிய வியாழன்

பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். வெள்ளைத் துண்டு, பித்தளைத் தாம்பாளம். கள்ளச்சாராயமே கதியென்று கிடக்கிறவர் கால்கூடச் சாமியாரிடம் முத்தம் வாங்கியது. இவர் வாசலோரம் முழங்காலில் நின்று, குழந்தை மாதிரி எட்டி எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். "ஞாயித்துக்கெழம பாஸ்குப் பூசைக்கு நான் வரமாட்டனுங்க. உங்களுக்கு ரோசமில்லாட்டி நீங்க போங்க."

அவர் பாயை எடுத்துத் திண்ணையில் விரித்துக்கொண்டார்.

மார்ச் 30, பெரிய வெள்ளி

ஆராதனைக்கு அவர் மட்டும் போய் வந்தார். தபசுக்காகச் செருப்பில்லாமல் நடந்திருக்கிறார். அவர் உள்ளே வர வர, சாணி மெழுகிய தரையில் ரத்தம்.

"ஏனுங்க, காலைப் பாருங்க!"

உள்ளங்காலில் வேலமுள் முழுசாக இறங்கியிருந்தது. அதோடு கோயிலிலிருந்து நடந்து வந்திருக்கிறார். வலிக்கவே இல்லை. குனிந்து பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. குஷ்டரோகம் என்று முதன்முதலில் கேட்டபோதுகூட அவர் இப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

எப்படி உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். முள்ளைப் பிடுங்கினேன். வெந்நீர் வைத்து, உப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் கழுவினேன். இரண்டு விரல் பாதிதான் இருக்கிறது. அவற்றையும் கழுவினேன்.

"சூடு ஜாஸ்தியா இருக்குதுங்களா?"

"தெரியல புள்ள. நீ புடிச்சிருக்கறதப் பாக்கறேன்."

அதன் பிறகுதான் அழுதார். நானும்.

ஏப்ரல் 1, பாஸ்கு

போனேன். கர்த்தர் உயிர்த்த திருநாளிலும் அவரைச் சுற்றி அந்தக் காலி இடம் அப்படியே இருந்தது. எல்லாரும் அல்லேலூயா பாடினார்கள். எனக்குப் பாதிதான் வந்தது, பாதியாவது வந்தது.

வெளியே கத்தரீனாள் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். "அண்ணன் காலுல முள்ளு ஏறிருச்சாமா? நீயே எடுத்தியாமா?"

"ஆமா."

"பயமா இல்லியா, அண்ணி?"

"இருந்துச்சு."

முந்தானையை விட்டாள், என் விரல்களைப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஏப்ரல் 3, செவ்வாய்

சாயங்காலம் நான் வந்தபோது கத்தரீனாள் வீட்டுக்குள் இருந்தாள். அவர் பாதத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். துணி நிற்கவில்லை. அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். அவர் காலை நீட்டியபடி, அவளுடைய எருமை கன்று போட்ட கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.