தக்காளி டிராக்டருக்கு முந்திய பால்வாடி

இன்று காலை பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிக் கூடையைத் தொட்டேன். பச்சை இலையின் வாடை கையிலேயே ஒட்டிக்கொண்டது, சோப்புப் போட்டும் போகவில்லை. நீ இருந்திருந்தால், "மோந்துகிட்டே நிக்காத, வேலையப் பாரு" என்றிருப்பாய். வேலையைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் உங்கள் மாதா கோயில் கூடத்தில் நாம் பால்வாடி ஆரம்பித்தோம். கூடம் பங்குச் சாமியார் கொடுத்தது. ராகி எங்கள் வீட்டுக் களத்திலிருந்து என் மாமனார் கொடுத்தது. பாயும் பலகையும் நீ வீடு வீடாகக் கேட்டு வாங்கியவை. எல்லாம் தயார் செய்துவிட்டு, ஆபீஸ்காரர்கள் மாதிரி பத்து மணிக்குக் கதவைத் திறந்தோம். கஞ்சி ஆறிப்போனது, ஒரு பிள்ளையும் வரவில்லை. எப்படி வரும்? தக்காளி பறிக்கும் பெண்கள் விடியும் முன்பே கைக்குழந்தைகளோடு டிராக்டர் ஏறிவிடுவார்கள். குழந்தைகளை வரப்பில் பார்த்துக்கொள்ள, அக்காமாரும் பள்ளிக்கூடத்தை விட்டுக் கூடவே போவார்கள். தக்காளிக் காட்டிலேயே வளர்ந்த நமக்கு இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். மறுநாளிலிருந்து டிராக்டர் கிளம்புமுன் கதவைத் திறந்தோம். சில நாளில் டிராக்டரே கோயில் வாசலில் நின்று பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனது.

அப்படித் தம்பியை நம்மிடம் விட்டு, தானும் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள்தான் செல்வி. பத்தாவதும் பாஸ் செய்துவிட்டாள். நர்ஸ் பயிற்சிக்குப் போக அவளுக்கு அவ்வளவு ஆசை. அவள் அப்பாவோ குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பேசிப் பார்த்தோம். வயசுப் பெண்ணை வெளியூரில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

நீ நேரே என் மாமனாரிடம் போனாய். அவர் முன்னால் வாய் திறக்க எனக்கே பயம்.

"இத்தன வருசம் கஞ்சிக்கு ராகி குடுத்தீங்களே மாமா, அந்தப் பொண்ணு செங்கல் சொமக்கறதுக்கா?" என்றாய்.

என் காட்டில் தக்காளி பறிக்கிற ஆட்கள் நிலைத்து நிற்கட்டும் என்றுதான் ராகி கொடுத்தேன், இதெல்லாம் என் கணக்கிலா என்று முணுமுணுத்தார். ஆனால் சாயங்காலம் செல்வி வீட்டுக்கு அவரே நடந்து போனார். "தருமபுரியில எந்தங்கச்சி வூட்ல இருந்து படிக்கட்டும். பொண்ணுக்கு நான் பொறுப்பு" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு அவள் அப்பா மறுக்கவில்லை. சாமியார் அலைந்து நர்ஸ் பயிற்சியில் இடம் வாங்கினார். டிராக்டர் டிரைவர் அவளுடைய டிரங்குப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

பயிற்சி முடித்து, வெள்ளைச் சேலையில் நம் கூடத்துக்கே தடுப்பூசி போட வந்தாள். குழந்தைகள் அலறின. அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்த நீயும் அழுதாய். ஊசி உனக்கா போட்டாங்க என்று கேலி செய்தேன்.

நீ போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கூடம் நடக்கிறது. உன் வாய் எனக்கு இல்லை. ஆனால், "கேக்கறதுல நமக்கென்ன கொறஞ்சு போச்சு" என்பாயே, அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு மருந்துக் கடை முதலாளியிடம் நம் கூடத்தில் வளர்ந்த பிள்ளை ஒருத்திக்கு வேலை கேட்டேன். ஆள் தேவையில்லை என்றார். நான் எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை அவளை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்.