யார் வீட்டு அம்மன்

எர்ணாவூர்,
தை 6

அன்பு மகள் எழில்மொழிக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம், நன்றாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அங்காளம்மனைக் கும்பிட்டு இதை ஆரம்பிக்கிறேன். நீ அனுப்பிய புடவையை அம்மா பொங்கலன்று கட்டிக்கொண்டாள், என்ன நிறம் என்று கேட்டாள், மாம்பழ நிறம் என்றேன், பார்டர் எப்படி என்றாள், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சர்க்கரை நோய் அவள் கண்ணை முழுசாகத் தின்றுவிட்டு, வருகிற சித்திரையோடு மூன்று வருஷம் ஆகிறது. கார்த்திகைக் கடைசி மழையில் பாத்ரூமில் வழுக்கி வலது மணிக்கட்டு விட்டுப்போனது உனக்குத் தெரியும், மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை, டாக்டர் இன்னும் இரண்டு வாரம் என்கிறார். பொங்கல் நன்றாக நடந்தது என்று போனில் உன்னிடம் சொன்னேன், அது பொய்.

போகிக்கு முந்தின நாள் சாமி சாமானையெல்லாம் இறக்கித் தேய்ப்பது அம்மா வேலை, உன்னைக்கூட அவள் தொட விட்டதில்லை. நம் பக்கத்துக் காற்று உனக்குத் தெரியும், கடல் உப்பும் புகையும் சேர்ந்து பித்தளையைப் பத்தே நாளில் கறுக்க வைக்கும், செம்புச் சொம்பு பச்சை பிடித்துவிடும். விளக்கு, மணி, சொம்பையெல்லாம் புளியும் உப்பும் போட்டு நாரால் தேய்க்கலாம், அம்மன் சிலைக்கு மட்டும் நார் கூடாது. புளியைக் கரைத்து விரலால் தடவி, கொஞ்ச நேரம் விட்டுக் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி விபூதி போட்டுத் துடைக்க வேண்டும். முகத்துக்கு வெறும் விபூதிதான், அதுவும் கட்டை விரலால்தான். கண் போன பிறகும் அவள் அப்படித்தான் செய்தாள், கண் இருந்தபோது செய்ததைவிடச் சுத்தமாகச் செய்தாள். மூக்குத்தி எங்கே, இமை வரி எங்கே, இடது கன்னத்தில் உள்ள சின்னப் பள்ளம் எங்கே என்பதெல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். மீஞ்சூரிலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவள் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஒரு சாண் சிலை, நாற்பத்தொரு வருஷம் ஆகிறது.

இந்த வருஷம் கட்டுப் போட்ட கையோடு அவளால் முடியவில்லை, அவள் சொல்லச் சொல்ல நான் தேய்த்தேன். விளக்கும் மணியும் பளிச்சென்று வந்தன. சிலையின் முதுகில் மட்டும் கறுப்பு போகவில்லை. வுடுயா, அது அப்டியே இருக்கட்டும், என் கை சரியானதும் நான் பாத்துக்கறேன் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கப்பல் ரிப்பேர் பட்டறையில் பித்தளை வால்வைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டவன், ஒரு சாண் சிலை எனக்கு எம்மாத்திரம் என்கிற திமிர். ராயபுரத்தில் அமீர் பாய் பட்டறையில் கொடுத்து வாங்கி வருகிறேன் என்றேன். மெஷின்லாம் வேணாம்யா என்றாள். மெஷின் இல்லை, கையால்தான் துடைப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அமீர் பாய் என்னோடு வேலை பார்த்தவர், இப்போது சொந்தமாகப் பாலிஷ் பட்டறை வைத்திருக்கிறார். முதுகை அவரே பதமாகப் போட்டார். மேஸ்திரி, மூஞ்சாண்ட வீலு வெக்காத, மூக்கு பூடும், வூட்டுக்கு எடுத்துனு போய் கையால தொடச்சிக்கோ என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போனார். முதுகு தங்கமாக மின்னுகிறது, முகம் மங்கலாக இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று நானே பாலிஷ் சக்கரத்தை ஓடவிட்டு அதில் முகத்தைக் காட்டினேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. என் கண்ணாடியும் பழசு, பட்டறையில் தூசி வேறு, எல்லாம் ஒரே மினுமினுப்பாகத் தெரிந்தது, சந்தோஷமாகத்தான் வந்தேன். வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது மூக்குத்தி இல்லை. மூக்கே இல்லை. கண் இருந்த இடம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. அம்மா அப்போதே கையை நீட்டினாள், குளிக்காமல் சாமியைத் தொடாதே என்று அவள் சட்டத்தையே அவளுக்குச் சொல்லி அலமாரியில் ஏற்றி வைத்துவிட்டேன்.

பொங்கல் பானையை இறக்கியதும் அம்மனுக்குப் பொட்டு வைக்க இடது கையால் முகத்தைத் தேடினாள். கை அங்கேயே நின்றது. மறுபடி தடவினாள். யாருதுயா இது, நம்ம அம்மா இல்லியே, யார் வூட்டு அம்மன தூக்கினு வந்துகீற என்றாள். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், பட்டறையில் மாறிப்போயிருக்கும், விசாரிக்கிறேன் என்றுதான் வந்தது. என் வார்த்தையை இத்தனை வருஷத்தில் அவள் சந்தேகப்பட்டதில்லை, நம்பிவிட்டாள். அப்போ நம்ம அம்மா எங்கியோ விளக்கு இல்லாம குந்தினுகீது என்று சொல்லி அழுதாள். பொங்கலை நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.

காணும் பொங்கலன்று அமீர் பாய் அவள் கையை விசாரிக்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். பாய், எங்க அம்மன் யார் வூட்டுக்குப் போச்சுன்னு கொஞ்சம் பாருங்க என்று அம்மா கேட்டாள். அவர் சிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புரிந்துகொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எங்க பட்டறைல நடந்த தப்புமா, மன்னிச்சிக்கோ, தேடிப் பாக்கறேன் என்றார். செய்யாத தப்புக்கு அந்த மனுஷர் தலையைக் குனிந்தார், நான் அவர் கொண்டுவந்த பழத்தை வாங்கி உள்ளே வைத்தேன். வாசலில் செருப்பை மாட்டும்போது, சொல்லிடு மேஸ்திரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அம்மா என்னைச் சட்டை மாட்டச் சொல்லி அனுப்புகிறாள். நானும் தேடப் போகிறவன் மாதிரி கிளம்பி, கடற்கரைக் கல்லில் உட்கார்ந்திருந்துவிட்டு வெயில் ஏறியதும் திரும்புகிறேன், இன்னும் கிடைக்கவில்லை என்கிறேன். காலு நோவுதா என்று கேட்டு, சுவரைத் தடவிக்கொண்டு ஒற்றைக் கையால் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். அதையும் வாங்கிக் குடிக்கிறேன், வெட்கமாக இருக்கிறது கண்ணு. நேற்று அந்தச் சிலைக்கும் விளக்கேற்றச் சொன்னாள். யார் வூட்டு அம்மனோ, அவங்க தேடினு வர்ற வரிக்கும் பட்டினி போடக்கூடாது, நம்மளுத எடுத்துனு போனவங்களும் இப்டியே பாத்துக்கணும் என்றாள். பிறகு கட்டுப் போட்ட கையோடு இன்னொரு கையைச் சேர்த்துக் கும்பிட்டு, எங்க அம்மாவ எங்க கைல சேத்துடும்மா என்று அந்த அம்மனிடமே அந்த அம்மனைக் கேட்டு வேண்டிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று மணி அடித்தேன்.

இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். இருப்பது ஒரே போன், அது அம்மா மடியை விட்டு நகராது, அறையும் ஒன்றுதான், முணுமுணுத்தாலும் அவள் காதில் விழும், காகிதத்தில் எழுதினால் விழாது. இப்போது என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இன்னா எழுதினுகீற என்றாள், பொங்கல் சேதி என்றேன். அம்மன் தொலஞ்சத எழுதாத, புள்ள அங்க தனியா குந்தினு பேஜாராவும் என்கிறாள். கண் தெரியாதவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், செய்த பாவத்தோடு இதுவும் சேர்ந்தது. உனக்கு ஒருமுறை எழுதிப் பார்த்தால் அவளிடம் சொல்ல வாய் வரும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ கொண்டுபோன சின்னப் பிள்ளையாரைப் பாத்திரம் கழுவும் சோப்பில் போடாதே, புளித் தண்ணீரும் விரலும் போதும். மாப்பிள்ளையிடம் சொல்லிப் புது அம்மன் எதுவும் வாங்கி அனுப்ப வேண்டாம். சின்னவளை வெறுங்காலோடு விடாதே. நீங்கள் மூவரும் கண்ணும் கையும் சுகமாக நெடுங்காலம் வாழ வேண்டும், என் ஆசீர்வாதத்துக்கு இன்னும் பலம் இருந்தால் அது உங்களுக்கே. ஒன்றை மறக்காதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பதினைந்து நாளாவது ஆகும், அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நானே கெடு வைத்திருக்கிறேன். கிடைத்ததும் போன் பண்ணு, என்னிடம் கேட்காதே, அம்மாவிடம் பேசு. அவள் என்னைத் திட்டித் தீர்த்தால் நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள். நைனா அம்மனைத் தேடப் போயிருக்கிறார் என்று சொன்னாளானால், நீயே சொல்லிவிடு கண்ணு.

இப்படிக்கு,
உன் நைனா
தணிகாசலம்