சாமி போட்ட கேஸ்

இன்று காலை கோயிலில் தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல். நெய்வாசம் மூக்கில் ஏறியதும் உன் நினைப்புதான். அரிசி உன் வயலுடையது; நிலம் சாமி பெயரில், உழவு உன் கையில். நீடாமங்கலம் கடைத்தெருவில் மைக் பிடித்து "சாமி இல்லை" என்று கத்திவிட்டு, அறுப்பு முடிந்ததும் அந்தச் சாமிக்கே குத்தகை நெல் அளந்த கருப்புச்சட்டை நீ ஒருவன்தான்.

உங்கள் ஆட்கள் கோட்டையைப் பிடித்திருந்த காலம். உழுகிறவனை எளிதில் கிளப்ப முடியாதபடி சட்டம் இருந்தது. தர்மகர்த்தா அதில் ஓட்டை தேடினார். நிலத்துக்குச் சொந்தக்காரரையே மறுக்கிற குத்தகைக்காரனை வெளியேற்றலாமாம். சாமியே இல்லை என்பவன் வேறென்ன செய்கிறான்? போட்டார் கேஸ், சாமி பெயரிலேயே.

"சாமி என்மேல கேஸ் போட்டுருக்காருடா. அப்ப இருக்காரு போலருக்கு!" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயல் போனால் உனக்கும் உன் மனைவி மரகதத்துக்கும் சோறில்லை. நான் செய்த உதவி என்ன? நீ ஜெயிக்க அர்ச்சனை செய்தேன், கேஸ் போட்ட அதே சாமியிடம். என் புத்தி அவ்வளவுதான்.

விசாரணை அன்று, "இன்னிக்கு மட்டும் சாமி இருக்குன்னு சொல்லிடுங்க" என்று உன் வக்கீல் கெஞ்சினார். தலையை ஆட்டினாய். எந்தப் பக்கம் ஆட்டினாய் என்று தெரியாமல் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"சாமி இருக்கா, இல்லையா?" என்றார் எதிர்வக்கீல்.

"நெல்லு எப்படி விளையுதுன்னா யூரியாவைக் கேளுங்க. ஏன் பொறந்தோம்னா குருக்களைக் கேளுங்க. நிலம் யாருதுன்னு என்னைக் கேட்டா, சாமிபேர்லதான் இருக்கு, நான் மறுக்கலை. சாமி இருக்காராங்கிறது வேற கேள்விங்க."

கேஸை விசாரித்த வருவாய்த்துறை அதிகாரியே சிரித்துவிட்டார். வயல் தங்கியது.

திரும்பும் பஸ்ஸில் உன்னைச் சீண்டினேன். "விஞ்ஞானத்துக்கு ஒரு கேள்வி, மதத்துக்கு ஒரு கேள்வின்னு ஒத்துக்கிட்டியேடா!"

"கேள்வியைத்தான்டா பிரிச்சுக் குடுத்தேன். குருக்கள் பதில் சரின்னு எவன் சொன்னான்?"

இன்றைக்குத் தொன்னையை வழித்துக்கொண்டிருக்கும்போது தர்மகர்த்தா பக்கத்தில் வந்தார். "ஆளுதான் போய்ச் சேந்துட்டானே. சாமி நிலம் இனிமே சாமிக்கே."

நெற்றி நிறைய விபூதியோடு சொன்னேன்: "சாமி இருக்காருங்க, தினம் கும்புடறேன். அவருக்கு நாத்து நடத் தெரியுமாங்கிறது வேற கேள்வி. மரகதம் சேத்துல நிக்குது, போய்ப் பாருங்க. கேஸ் போடுறதுன்னா போடுங்க. சாட்சிக்கு நான் வரேன்."

விரலில் உன் அரிசியின் நெய்ப்பிசுக்கு இன்னும் இருக்கிறது. கூண்டில் ஏறினால் இந்தக் கையைத் தூக்கித்தான் சத்தியம் செய்வேன்.